முப்பரிமாணத் திரையும் முனைவாக்கப்பட்ட ஒளியும்

கண்ணாடி அணிந்து பார்க்கும் முப்பரிமாணத் திரைப்படம் இன்று எவருக்கும் பெரும் புதுமையன்று. பெருநாள் விடுமுறையிலோ பாடசாலைத் தவணை விடுமுறையிலோ கொழும்புக்குச் சென்று திரும்பும் அம்பாறைக் கரையோரக் குடும்பங்களின் பிள்ளைகள், திரையிலிருந்து பறவை பறந்து வந்து முகத்தைத் தொட்டதென்று கதை கதையாகச் சொல்கின்றனர். அவர்களுள் ஒரு பிள்ளை மட்டும், "எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லையே" என்று சொல்வதும் உண்டு. கூட இருப்போர் சிரித்துவிடுகின்றனர். பெற்றோரும் கண்ணாடி பழுதாக இருந்திருக்கும் என்று அதனை மறந்துவிடுகின்றனர். அந்தப் பிள்ளையின் கூற்றை அவ்வாறு தள்ளிவிடலாகாது என்பதே இங்கு நாம் வலியுறுத்த விரும்பும் செய்தியாகும். அதற்கான காரணத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், டிஜிட்டல் புரொஜெக்டர் ஒளியைக் கொண்டு என்ன செய்கிறது, அதன் பின்னர் நமது மூளை என்ன செய்கிறது என்னும் இரண்டையும் அறிந்துகொள்ளல் வேண்டும்.

திரைப்படம் பார்ப்பது குறித்து நமது ஊர்களில் பலவிதமான கருத்துகள் நிலவுகின்றன. அவ்விவாதத்தினுள் நாம் இங்கு நுழையவில்லை. இதே நுட்பம் கண் சிகிச்சை நிலையத்திலும் சத்திரசிகிச்சைக் கூடத்திலும் பயன்பட்டு வருவதால், படம் பார்ப்போரும் பாராதோரும் அறிந்திருக்க வேண்டிய அறிவு இது என்பதில் ஐயமில்லை.

இரண்டு கண்கள், ஒரு காட்சி

மனிதனின் இரு கண்மணிகளுக்கும் இடையே ஏறத்தாழ ஆறரை சென்ரிமீற்றர் தூரம் உண்டு. இதனால் எந்தப் பொருளையும் வலக்கண் ஒரு கோணத்திலிருந்தும் இடக்கண் சற்றே வேறொரு கோணத்திலிருந்தும் பார்க்கின்றன. பெருவிரலை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் மாறி மாறிப் பார்த்தால், பின்னாலுள்ள சுவரின் மீது விரல் இடம் மாறித் தாவுவதைக் காணலாம். விரல் அருகே இருப்பின் தாவல் அதிகம். தொலைவிற் சென்றால் தாவல் குறைவு. இந்தச் சிறு வேறுபாட்டை அளந்தே மூளை, இது கிட்ட உள்ளது, அது எட்ட உள்ளது என்று தீர்மானிக்கின்றது.

இத்துறையின் வரலாற்றில் பஸ்ராவிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னு அல் ஹைதமின் பெயரைத் தவிர்த்துவிட இயலாது. 11 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஏழு பாகங்கள் கொண்ட நூல், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதாலேயே பார்வை நிகழ்கிறது என நிறுவியது. அந்நூலின் மூன்றாம் பாகத்தில், இரு கண்களும் பெறும் இரு உருக்கள் எவ்வாறு ஒன்றாகத் தெரிகின்றன, எப்போது அவை இரட்டையாகத் தெரிகின்றன என்பதை அவர் ஆராய்ந்துள்ளார். இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்ட இந்நூல் 1572 இல் பாசல் நகரில் அச்சேறி, ஐரோப்பிய ஒளியியல் அறிஞர்களின் கைகளிலும் தவழ்ந்தது.

அதன் அடுத்த பெரும்படியை 1838 இல் இங்கிலாந்தின் சார்ல்ஸ் வீட்ஸ்டன் எடுத்து வைத்தார். ஒரே பொருளை இரு கண்களும் காண்பது போல் இரு தட்டையான படங்களாக வரைந்து, இரு சிறு முகக்கண்ணாடிகளின் உதவியால் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வொரு படத்தை மட்டும் அவர் காட்டினார். பார்த்தவர்களுக்குத் தாளில் இல்லாத ஆழம் தெரிந்தது. ஆழம் தாளில் இல்லை. அதனைப் பார்ப்பவரின் மூளையே ஆக்கிக்கொள்கிறது என்பது அன்றே தெளிவாயிற்று. இன்றைய கோடிக்கணக்கான ரூபா பெறுமதியான திரையரங்கக் கருவிகள் யாவும், வீட்ஸ்டன் செய்த அந்த ஒரு வேலையைத்தான் செய்கின்றன: இடக்கண்ணுக்கு உரியது இடக்கண்ணுக்கு மட்டும், வலக்கண்ணுக்கு உரியது வலக்கண்ணுக்கு மட்டும்.

ஆயின், நூற்றுக்கணக்கானோர் அமர்ந்திருக்கும் மண்டபத்தில், ஒரே திரையில் இரு படங்களையும் இட்டு, அவற்றைக் கண்வாரியாகப் பிரித்து அனுப்புவது எங்ஙனம்? இங்கேதான் ஒளியின் ஒரு மறைவான இயல்பு துணைக்கு வருகின்றது.

ஒளி அதிரும் திசை

ஒரு நீண்ட கயிற்றின் ஒரு முனையைத் தென்னை மரத்திற் கட்டி மறுமுனையைக் கையிற் பிடித்து மேலும் கீழுமாக அசைத்தால், கயிற்றின் வழியே ஓர் அலை மரத்தை நோக்கி ஓடும். அலை முன்னோக்கிச் சென்றாலும் கயிறு அதிர்வது மேலும் கீழுமாகவே. இடம் வலமாக அசைத்தால் அதிர்வும் இடம் வலமாக அமையும். ஒளியும் இவ்வாறு செல்லும் திசைக்குக் குறுக்காக அதிரும் குறுக்கலையாகும். சூரியன், மின்குமிழ் முதலியவற்றின் ஒளியில் எல்லாத் திசை அதிர்வுகளும் கலந்துள்ளன. அவற்றுள் ஒரு திசையில் அதிர்வதை மட்டும் பிரித்தெடுப்பதே முனைவாக்கம் எனப்படுகின்றது. நமது கண்ணால் நிறத்தையும் பிரகாசத்தையும் உணர முடியுமேயன்றி, அதிரும் திசையை வேறுபடுத்தி அறிய இயலாது. ஆகவே முனைவாக்கப்பட்ட ஒளியில் ஒரு கள்ளக் குறியை இட்டு அனுப்பினால் அது கண்ணுக்குத் தெரியாது. அதற்கென ஆக்கிய கண்ணாடிக்கு மட்டுமே தெரியும்.

இவ்வொளியைக் காண ஆய்வுகூடத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள நமது கடற்கரையில் நின்று, சூரியன் ஓரளவு உயர்ந்த காலை வேளையில் கிழக்கே நோக்குவோருக்குக் கண் கூசுகின்றது. நீர்ப்பரப்பில் தெறித்து வரும் அந்த ஒளியின் பெரும்பகுதி கிடையாக அதிர்வதாகும். நிலைக்குத்தாக அதிர்வதை மட்டும் விடும் முனைவாக்கக் கண்ணாடியை அணிந்தால் கூச்சம் தணிந்து, நீருக்குக் கீழுள்ளதும் தெரியத் தொடங்குகின்றது. கடற்றொழிலாளர் பலர் இத்தகைய கண்ணாடியை விரும்பி அணிவதன் காரணம் இதுவே. தெறிக்கும் ஒளி முனைவாக்கம் அடைவதை 1808 இல் பிரான்சின் மாலுஸ், பாரிசின் லக்சம்பேர்க் மாளிகைச் சாளரங்களில் தெறித்த மாலைச் சூரியனை ஒரு கல்சைட்டுப் பளிங்கினூடாக நோக்கியபோது கண்டறிந்தார். எந்தக் கோணத்தில் அது முழுமை பெறும் என்னும் விதியை 1815 இல் ஸ்கொட்லாந்தின் டேவிட் புறூஸ்டர் வகுத்தார். நீருக்கு அக்கோணம் ஏறத்தாழ 53 பாகையாகும்.

திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சேர் சி. வி. இராமன் 1921 இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் நாடு திரும்புகையில், முனைவாக்கும் பளிங்கு ஒன்றினூடாக மத்தியதரைக் கடலை நோக்கினார். மேற்பரப்பில் தெறிக்கும் வானொளியைப் பளிங்கு தடுத்துவிட்ட பின்னரும் கடலின் நீலம் மறையவில்லை; மேலும் துலங்கியது. கடலின் நீலம் வானத்தின் வெறும் பிரதிபலிப்பன்று, நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதாலும் உண்டாவது என்னும் முடிவுக்கு அவர் வந்தார். ஒளிச்சிதறல் குறித்து அவர் தொடர்ந்து செய்த ஆய்வே 1930 இல் அவருக்கு நோபல் பரிசை ஈட்டித் தந்தது.

தறியில் இழுத்த பாவு போல

பளிங்குகள் சிறியன, விலை மிக்கன. மண்டபம் நிறைந்த மக்களுக்குக் கண்ணாடி ஆக்க அவை உதவா. இக்குறையை அமெரிக்கரான எட்வின் லாண்ட் தீர்த்து வைத்தார். 1929 இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மலிவான முனைவாக்கத் தகடே பின்னர் போலராய்ட் என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது. 1930 களின் இறுதியில் அவர் ஆக்கிய மேம்பட்ட வகையில், ஒரு பிளாஸ்ரிக் படலம் சூடாக்கி இழுக்கப்பட்டு அயடீன் ஊட்டப்படுகின்றது.

மருதமுனையின் கைத்தறிகளைக் கண்டிருப்போருக்கு இதனை விளங்கிக்கொள்வது எளிது. தறியில் பாவு நூல்கள் யாவும் ஒரே திசையில் இழுத்துக் கட்டப்பட்டிருப்பது போல, இழுக்கப்பட்ட படலத்தின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளும் ஒரே திசையில் வரிசைப்படுகின்றன. அந்தப் பாவின் திசையில் அதிரும் ஒளியை அவை விழுங்கிவிடுகின்றன. அதற்குக் குறுக்காக அதிரும் ஒளி மட்டும் தப்பி வெளியேறுகின்றது. இத்தகைய இரு தகடுகளை ஒரே திசையில் அடுக்கினால் ஒளி செல்லும். ஒன்றை மற்றதற்குச் செங்கோணமாகத் திருப்பினால் இருள் சூழும். முப்பரிமாணத் திரையின் அடிப்படை இவ்வளவே. இடப் படத்தை ஒரு திசையிலும் வலப் படத்தை அதற்குச் செங்கோணமான திசையிலும் அதிரச் செய்து திரையில் இட்டால், அதற்கேற்ற தகடுகளைப் பொருத்திய கண்ணாடி இரண்டையும் பிரித்துக் கொடுத்துவிடும்.

படச்சுருள் யுகத்திலேயே இம்முறை வந்துவிட்டது. 1952 இல் வெளியான 'புவானா டெவில்' என்னும் அமெரிக்கப் படம் முப்பரிமாண மோகம் ஒன்றைத் தோற்றுவித்தது. இரு புரொஜெக்டர்கள் ஒரே நேரத்தில் இம்மியும் பிசகாது ஓட வேண்டியிருந்தமையால் அம்மோகம் சில ஆண்டுகளிலேயே தணிந்தது. இந்தியாவில் 1984 ஓகஸ்ட் மாதம் கேரளத்தின் நவோதயா நிறுவனம், ஜிஜோவின் இயக்கத்தில் வெளியிட்ட 'மை டியர் குட்டிச்சாத்தான்' முதலாவது இந்திய முப்பரிமாணப் படமாயிற்று. மறு ஆண்டு விஜயகாந்த் நடித்த 'அன்னை பூமி' தமிழின் முதல் முப்பரிமாணப் படமாக வெளிவந்தது. ஒருவர் அணிந்த கண்ணாடியை மற்றவர் அணிவதால் கண்நோய் பரவும் என்ற அச்சம் குட்டிச்சாத்தான் ஓடிய காலத்தில் எழுந்தது. ஒவ்வொரு காட்சிக்குப் பின்னரும் கண்ணாடிகள் தூய்மை செய்யப்படுகின்றன என்று முன்னணி நடிகர்கள் தோன்றி விளக்கும் சிறு படமொன்றைத் தயாரிப்பாளர் திரையிட நேர்ந்தது. அந்த எச்சரிக்கை இன்றைக்கும் பொருந்தும்.

டிஜிட்டல் புரொஜெக்டர் செய்யும் மாற்றம்

இரு கருவிகளை ஒத்திசைக்கும் தொல்லையை டிஜிட்டல் புரொஜெக்டர் நீக்கியது. திரையரங்கில் பெரிதும் பயன்படும் வகையின் இதயமாக விளங்குவது, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹோன்பெக் 1987 இல் உருவாக்கிய நுண்ணாடிச் சில்லு ஆகும். தலைமயிரின் தடிப்பைவிடச் சிறிய ஆடிகள் அதில் வரிசை வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. 2048 நிரல்களும் 1080 நிரைகளும் கொண்ட சில்லில் இவற்றின் எண்ணிக்கை 22 இலட்சத்துக்கும் மேல். ஒவ்வோர் ஆடியும் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை இப்புறமும் அப்புறமும் சாய்ந்து, ஒளியைத் திரைக்கு அனுப்புகின்றது அல்லது ஒதுக்கிவிடுகின்றது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் மூன்று சில்லுகள் உள்ளன.

இவ்வாடிகளின் வேகமே முப்பரிமாணத்துக்கு வழி திறந்தது. திரைப்படத்தில் செக்கனுக்கு 24 படங்கள் உள்ளன. முப்பரிமாணத்தில் கண்ணொன்றுக்கு 24 வீதம் 48 ஆகின்றன. இடம், வலம் என மாறி மாறி இவற்றைக் காட்டுகையில் கண்ணிமைப்புப் போன்ற துடிப்புத் தோன்றாதிருக்க, ஒவ்வொரு படமும் மும்முறை காட்டப்படுகின்றது. ஆகச் செக்கனுக்கு 144 படங்கள். எந்தக் கணத்திலும் திரையில் இருப்பது ஒரே ஒரு படமே. மாற்றம் மிக விரைவானதாகையால் இரு கண்களும் ஒரே நேரத்திற் பார்ப்பதாக நாம் உணர்கிறோம்.

புரொஜெக்டரின் வில்லைக்கு முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டகம் வைக்கப்படுகின்றது. அதில் முதலில் ஒரு முனைவாக்கத் தகடும், அதன்பின் மின்னழுத்தத்துக்கு ஏற்பத் தன் இயல்பை மாற்றும் திரவப் பளிங்கு அடுக்கும் உள்ளன. இடப் படம் வரும்போது ஒருவகை முனைவாக்கம், வலப் படம் வரும்போது அதற்கு எதிரான வகை என, செக்கனுக்கு 144 தடவை அது தன்னை மாற்றிக்கொள்கின்றது. ரியல்டி என்னும் நிறுவனத்தின் இம்முறையில் 2005 நவம்பரில் 'சிக்கன் லிட்டில்' திரையிடப்பட்டது. 2009 டிசம்பரில் வெளியான 'அவதார்' உலகத் திரையரங்குகள் பலவற்றை டிஜிட்டலுக்கு மாற வைத்தது. தமிழில் 2014 இல் 'கோச்சடையான்' வெளிவந்தது. 2018 இல் வந்த '2.0' முப்பரிமாணக் கமராக்களாலேயே படமாக்கப்பட்டது.

வலம்புரியும் இடம்புரியும்

நேர்கோட்டு அதிர்வை மட்டும் பயன்படுத்தினால் ஒரு குறை உண்டு. பார்ப்பவர் தலையைச் சற்றுச் சாய்த்தாலும் கண்ணாடியின் திசை பிசகி, ஒரு கண்ணின் படம் மறு கண்ணுக்குள் கசிந்து நிழலிரட்டையாகத் தெரியும். இதனைத் தவிர்க்கவே இன்று பெரும்பாலும் வட்ட முனைவாக்கம் கையாளப்படுகின்றது. இதில் அதிரும் திசை நிலையாக நில்லாமல், ஒளி முன்னேறும்போதே சுழன்றுகொண்டு செல்கின்றது. ஒரு படத்துக்கு வலம்புரிச் சுழற்சி, மற்றதற்கு இடம்புரிச் சுழற்சி. சங்கு எப்பக்கம் சாய்ந்து கிடந்தாலும் வலம்புரி வலம்புரியே, இடம்புரி இடம்புரியே என்பது போல, தலை சாய்ந்தாலும் படம் கசிவதில்லை. எனினும் இரு கண்களும் கிடையாக இருக்கையிலேயே ஆழவுணர்வு செம்மையாக அமையுமாதலால், நிமிர்ந்து பார்ப்பதே நன்று.

நேர்கோட்டு அதிர்வைச் சுழற்சியாக்குவது கால் அலைத் தகடு எனப்படும் மெல்லிய படலமாகும். நிறத்துக்கு நிறம் அலைநீளம் வேறுபடுவதால், ஒரு தகடு பச்சைக்குப் பொருந்தினால் சிவப்புக்கும் நீலத்துக்கும் முழுமையாகப் பொருந்துவதில்லை. பல தகடுகளை வெவ்வேறு கோணங்களில் அடுக்கினால் எல்லா நிறங்களுக்கும் ஏறத்தாழப் பொருந்தும் தகட்டைப் பெறலாம் என்பதை 1955 இல் பெங்களூர் இராமன் ஆய்வு நிலையத்தில் செய்து காட்டியவர் எஸ். பஞ்சரத்தினம். அப்போது அவருக்கு வயது 21. சி. வி. இராமனின் சகோதரி மகனான அவர், மறு ஆண்டு வெளியிட்ட முனைவாக்க ஒளி பற்றிய ஆய்வின் முழுப் பெருமையும் 1980 களிலேயே உணரப்பட்டது. இன்று அது பஞ்சரத்தினம் கட்டம் என அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1969 இல் ஒக்ஸ்போர்டில் 35 ஆவது வயதில் அவர் மறைந்தார். அவருடைய தமையனார் சந்திரசேகர் திரவப் பளிங்கு ஆய்வில் உலகப் புகழ் பெற்றவர். 1977 இல் தட்டுவடிவ மூலக்கூறுகளாலான திரவப் பளிங்கைக் கண்டறிந்தவர். முப்பரிமாணப் புரொஜெக்டரின் முன்னுள்ள பெட்டகம் நிற்பது முனைவாக்கம், திரவப் பளிங்கு என்னும் இரு துறைகளின் மீதே. அவ்விரண்டிலும் ஒரே தமிழ்க் குடும்பத்தின் இரு சகோதரர்கள் தடம் பதித்தனர் என்பது நமது மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

திரை ஏன் வெள்ளியாக வேண்டும்?

சாதாரண வெண்திரையிலோ சுவரிலோ இப்படத்தைக் காட்டினால் முப்பரிமாணம் தோன்றாது. வெண்பரப்பு ஒளியை உள்வாங்கிப் பல தடவை சிதறச் செய்து வெளிவிடுவதால், அதிர்வின் திசை குலைந்துபோகும். உலோகத் துகள் பூசிய பரப்போ அதிர்வின் ஒழுங்கைக் காத்துத் திருப்பி அனுப்பும். அலுமினியத் துகள் கலந்து பூசப்பட்ட திரைகள் இதற்கெனவே அமைக்கப்படுகின்றன. 'வெள்ளித்திரை' என்று நாம் உவமையாகச் சொல்வது இங்கு நேர்ப்பொருளிலேயே பொருந்துகின்றது. பாடசாலையிலோ மண்டபத்திலோ முப்பரிமாணக் காட்சி நடத்த எண்ணுவோர், புரொஜெக்டரை மட்டும் வாங்கிவிட்டுத் திரையை மறந்தால் பணம் வீணாகும்.

வெளிச்சம் குறைவது இம்முறையின் மற்றொரு விலை. முனைவாக்கத் தகடு ஒளியில் பாதியை விழுங்குகின்றது. எஞ்சியதும் பாதி நேரமே ஒரு கண்ணுக்குக் கிடைக்கின்றது. ஆக, காற்பங்குக்கும் குறைவான ஒளியே கண்ணை அடைகின்றது. உலோகத் திரை ஒளியைப் பார்வையாளர் பக்கம் குவிப்பதாலும், தகடு விழுங்கும் பாதியைப் பிரித்தெடுத்து மீளப் பயன்படுத்தும் பின்வந்த கருவிகளாலும் இக்குறை ஓரளவு ஈடுசெய்யப்படுகின்றது. முனைவாக்கமன்றி, மின்னால் திறந்து மூடும் கண்ணாடிகளையும், நிறங்களை நுணுக்கமாகப் பிரிக்கும் கண்ணாடிகளையும் பயன்படுத்தும் முறைகளும் உள்ளன. ஆனால் முனைவாக்கக் கண்ணாடிக்கு மின்கலமோ இலத்திரனியல் உறுப்போ வேண்டியதில்லை. மலிவும் அதன் சிறப்பாகும். வீட்டு முப்பரிமாணத் தொலைக்காட்சிகளைப் பெரும் நிறுவனங்கள் 2017 அளவில் கைவிட்டன. திரையரங்கில் இம்முறை நிலைத்திருப்பதுடன், வயிற்றினுட் கமராவைச் செலுத்திச் செய்யும் சத்திரசிகிச்சையில், ஆழத்தைக் கண்டறிய வைத்தியர்கள் முனைவாக்கக் கண்ணாடி அணிந்து திரையை நோக்குவதும் நடைமுறையில் உள்ளது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

திரையரங்கிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி வீட்டிற் கிடக்குமாயின் அது ஒரு சிறு ஆய்வுகூடமாகும். அதனை அணிந்துகொண்டு முகக்கண்ணாடி முன் நின்று ஒரு கண்ணை மூடுங்கள். வட்ட முனைவாக்கக் கண்ணாடியாயின், திறந்த கண்ணின் வில்லை கறுத்துத் தோன்றும். மூடிய கண் தெரியும். தெறிப்பின்போது வலம்புரி இடம்புரியாக மாறுவதே காரணம். நேர்கோட்டு முனைவாக்கக் கண்ணாடியாயின் இதற்கு நேர்மாறாக நிகழும்.

அடுத்து, கல்குலேட்டரின் திரைக்கு முன்னால் கண்ணாடியின் முன்புறம் நம்மை நோக்கும்படி திருப்பிப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். இலக்கங்கள் மறைந்தும் தோன்றியும் மாறுவதைக் காணலாம். கல்குலேட்டர் திரையும் முனைவாக்கப்பட்ட ஒளியாலேயே இயங்குகின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. நமது விஞ்ஞான ஆசிரியர்கள் இவ்விரு சோதனைகளையும் வகுப்பறைக்குக் கொண்டு செல்வார்களாயின், செலவேதுமின்றி ஒளியலையின் இயல்பை மாணவர் கண்முன் நிறுத்திவிடலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: இக்கண்ணாடியால் எக்காரணம் கொண்டும் சூரியனையோ கிரகணத்தையோ பார்க்கலாகாது. அது கண்ணைக் காக்காது.

அந்தப் பிள்ளையின் கண்

இனித் தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட பிள்ளையிடம் வருவோம். புரொஜெக்டரும் திரையும் கண்ணாடியும் செய்வது இரு படங்களைப் பிரித்துக் கொடுப்பது மட்டுமே. ஆழத்தை ஆக்குவது மூளை. மூளை அதனை ஆக்க வேண்டுமாயின் இரு கண்களிலிருந்தும் தெளிவான படம் அதனை அடைய வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் பார்வைக் குறை மிகுந்திருந்தால், அல்லது மாறுகண் இருந்தால், வளரும் மூளை அக்கண்ணின் படத்தைப் புறக்கணிக்கப் பழகிவிடுகின்றது. சோம்பேறிக் கண் என வழங்கப்படும் இந்நிலையில் கண் வெளிப்பார்வைக்கு நலமாகவே தோன்றலாம். பிள்ளை நல்ல கண்ணால் படித்து, விளையாடி, எவ்விதக் குறையும் கூறாமலேயே வளரும். உலகை எப்போதும் அவ்வாறே கண்டு வந்த பிள்ளைக்குத் தன்னிடம் குறை உண்டென்பதே தெரியாது. முப்பரிமாணக் கண்ணாடியை அணிந்தபோதுதான், மற்றவர்களுக்குத் தெரிவது தனக்குத் தெரியவில்லை என்பதை அது முதன்முதலில் உணர்கின்றது.

கண் வைத்தியர்களும் இதே நுட்பத்தையே கையாள்கின்றனர். சிறு முனைவாக்கக் கண்ணாடியைப் பிள்ளைக்கு அணிவித்து, பெரிய ஈ ஒன்றின் படத்தைக் காட்டி, அதன் சிறகைப் பிடிக்கச் சொல்லும் சோதனை உலகெங்கும் பயன்படுகின்றது. இருகண் பார்வை உள்ள பிள்ளை தாளுக்கு மேலே வெறும் வெளியில் சிறகைப் பிடிக்க முயலும். அது இல்லாத பிள்ளை தாளையே தொடும். திரையரங்கின் மகிழ்ச்சியும் வைத்தியசாலையின் சோதனையும் ஒரே ஒளியியலின் இரு முகங்கள்.

படம் தெரியவில்லை என்று கூறும் பிள்ளைகள் எல்லோருக்கும் நோய் உண்டென்று கொள்ள வேண்டியதில்லை. கண்ணாடி அழுக்காக இருந்திருக்கலாம், மிகவும் ஓரத்தில் அமர்ந்திருக்கலாம், வழக்கமாக அணியும் பார்வைக் கண்ணாடியைக் கழற்றியிருக்கலாம். நலமான கண் உடையோர்க்கும் சற்று நேரத்தில் தலைவலி தோன்றுவதுண்டு. கண் திரையின் தூரத்துக்குக் குவிய, இரு கண்களும் அருகே வரும் உருவை நோக்கித் திரும்ப முயல்வதால் ஏற்படும் களைப்பே அது. எனினும், மற்ற அனைவருக்கும் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை என்று ஒரு பிள்ளை சொல்லுமாயின், ஒருமுறை கண் வைத்திய நிபுணரிடம் காட்டிவிடுவதே அறிவுடைமை. சோம்பேறிக் கண்ணுக்கான சிகிச்சை, பொருத்தமான கண்ணாடி அணிவித்தலும் நல்ல கண்ணைக் குறித்த நேரம் மூடி வைத்துப் பலவீனமான கண்ணுக்கு வேலை கொடுத்தலுமே ஆகும். ஏழு வயதுக்கு முன்னர் தொடங்கினால் பெரும் பயன் கிட்டும். வயது ஏற ஏறப் பயன் குறைகின்றது. ஆனாலும் காலங்கடந்ததென்று கைவிட வேண்டியதில்லை.

வாய்ப்பு இல்லாத பிள்ளைகள் திரையரங்குக்குச் சென்றே இதனை அறிய வேண்டுமென்பதில்லை. முன்பள்ளிகளிலும் ஆரம்பப் பாடசாலைகளிலும் இரு கண்களையும் தனித்தனியே மூடிப் பார்வையைச் சோதிக்கும் எளிய வழக்கத்தை ஆசிரியர்களும் பெற்றோரும் மேற்கொள்வார்களாயின், நமது கரையோரத்தின் பல பிள்ளைகளுக்கு அது பேருதவியாக அமையும். இரு கண்களும் ஒன்றாகக் காண்பது எவ்வாறு என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவில் ஓர் அறிஞர் எழுப்பிய வினாவுக்கு, இன்று ஒரு பிள்ளையின் வாயிலிருந்து "எனக்குத் தெரியவில்லை" என்ற விடை வருமாயின், அதனைச் செவிமடுப்பது பெரியோரின் கடமையாகும்.